வடக்கு எது என்று கருவிக்கு யார் சொன்னது?

2004 டிசம்பர் 26 காலை 6.58க்குச் சுமாத்திராவின் மேற்குக் கடலடியில் நிலம் உடைந்தது. அந்த உடைவின் முதல் அதிர்வலை ஏறத்தாழ 1,650 கிலோமீற்றரைக் கடந்து, மூன்றரை நிமிடம் அளவில் இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடிக்கும் கல்முனைக்கும் கீழுள்ள பாறைகளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டது. கடல் வந்தது அதற்கும் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்து. கடல் செய்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கப்போவதில்லை. அதற்கு முன்னே சத்தமில்லாமல் வந்துபோன அலையைப் பற்றித்தான் நமது பிள்ளைகளுக்கு நாம் அதிகம் சொல்வதில்லை. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று மனிதருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அப்படிப்பட்ட அலைகள் சொல்லித் தெரிந்ததுதான்.

வேறு வழியும் இல்லை. மனிதர் துளைத்த மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா குடாநாட்டில் இருக்கிறது. அதன் ஆழம் 12,262 மீற்றர். பூமியின் மையம் 6,371 கிலோமீற்றர் கீழே. புவியோட்டின் அடித்தளத்தை 1909இல் மொகொரோவிச்சிச் என்ற குரோஷிய அறிவியலாளர் கண்டார். பூமியின் நடுவில் தனியான உட்கரு இருப்பதை 1936இல் இங்கே லேமன் என்ற டென்மார்க் நாட்டுப் பெண் அறிவியலாளர் காட்டினார். இருவரும் ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டவில்லை. நிலநடுக்கப் பதிவுகளைத்தான் படித்தார்கள்.

இன்று அந்தப் பதிவுகளிலிருந்து பூமியின் உட்புறத்தைப் படமாகவே வரைகிறார்கள். நீலமும் சிவப்புமாக, பூமியை நறுக்கி வைத்தது போன்ற அந்தப் படங்களைப் பாடநூல்களில் பார்த்திருப்பீர்கள். அவை எந்த இடத்தில் பிழைக்கக் கூடும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். பிழை பெரும்பாலும் ஆழத்தில் இல்லை. தரையில், அதிர்வைப் பதியும் கருவி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எழுதிவைத்த ஒரு வரியில் இருக்கிறது.

முதலில் படம் உருவாகும் விதம். ஒரு நிலநடுக்கம் எங்கே, எப்போது நடந்தது என்று தெரியும். கருவி வைத்த நிலையம் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். இரண்டுக்கும் இடையில் அலை வர எவ்வளவு நேரம் எடுக்கவேண்டும் என்று கணக்கிடலாம். உண்மையில் வந்த நேரம் அதைவிட ஒரு செக்கன் பிந்தியிருந்தால், வழியில் எங்கோ அலையை மெதுவாக்கும் பாறை இருக்கிறது என்று பொருள். அது பெரும்பாலும் சூடான பாறையாக இருக்கும். முந்தியிருந்தால் குளிர்ந்த, இறுகிய பாறை. ஒரே அலையை வைத்து அந்த ‘எங்கோ’ எது என்று சொல்ல முடியாது. இலட்சக்கணக்கான அலைப் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்போது, மெதுவான பகுதி தானாக வெளிப்படும். புவியோட்டுக்குக் கீழுள்ள மான்டில் என்ற பாறை அடுக்கின் ஆழமான பகுதிகளில் வேகம் இடத்துக்கு இடம் வேறுபடுவது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான். ஆகவே அரைச் செக்கன்கூட அங்கே பெரிய செய்தி.

நேரத்தோடு திசையும் வேண்டும். நல்ல நில அதிர்வுமானி நில அசைவை மூன்று கூறுகளாகப் பதிகிறது: மேல்-கீழ், வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு. மூன்றையும் சேர்த்தால் நிலம் எந்தப் பக்கம் அசைந்தது, அலை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியும்.

திருவிழாக் காலத்தில் இரவில் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், மேற்கே படுவான்கரையில் எங்கோ பறை முழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே எழுவான்கரையில் மூன்று ஊர்களில் நிற்கும் மூன்று பேர் சத்தம் வரும் திசையைக் கைநீட்டிக் காட்டுகிறார்கள். மூன்று கோடுகளும் சந்திக்கும் இடம்தான் கோயில். மூவரில் ஒருவர் தான் நிற்கும் ஊரைத் தவறாகச் சொல்லிவிட்டால், அல்லது வடக்கு எது என்று தெரியாமல் கைகாட்டினால், கோடுகள் வேறெங்கோ சந்திக்கும். அங்கே ஒரு கோயில் இருப்பதாக வரைபடமும் சொல்லிவிடும்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது. காற்று, கடலலை, வீதியில் போகும் லொறி முதலியவற்றால் வரும் இரைச்சல் படத்தை மங்கலாக்கும். மங்கலான படத்தைப் பார்த்தால் யாரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். ஆள்கூற்றில், அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களில், வரும் பிழையும் திசைப் பிழையும் படத்தை மங்கலாக்குவதில்லை. கூர்மையான, நம்பத் தகுந்த, ஆனால் இல்லாத ஒன்றை வரைந்து தருகின்றன. ஆகவே இவை இரைச்சலைவிட ஆபத்தானவை.

இடம் எங்கே?

மட்டக்களப்பு நகரம் வடக்கு அகலக்கோடு 7 பாகை 43 கலையில், கிழக்கு நெடுங்கோடு 81 பாகை 42 கலையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே தசமத்தில் இது 7.717, 81.70. அவசரத்தில் ஒருவர் இதை 7.43, 81.42 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? இரண்டு எண்களும் இலங்கைக்குள்தான் விழுகின்றன. எந்தக் கணினியும் எச்சரிக்காது. ஆனால் நிலையம் 40 கிலோமீற்றருக்கு மேல் தென்மேற்கே நகர்ந்து, அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதிக்குப் போய்விடும். முதலில் வந்துசேரும் பி அலையின் வேகம் புவியோட்டில் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர். கிட்டத்தில் நடந்த ஓர் அதிர்வின் கணக்கில் இந்த ஒரு தவறு பல செக்கன்களை நுழைத்துவிடும்.

அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இடம் மாற்றி எழுதுவது இன்னொன்று. சில மென்பொருட்கள் அகலக்கோட்டை முதலில் கேட்கின்றன. வேறு சில நெடுங்கோட்டை முதலில் கேட்கின்றன. மட்டக்களப்பை மாற்றி எழுதினால் அகலக்கோடு 81.70, நெடுங்கோடு 7.717 ஆகும். அது சுவால்பார்ட் தீவுகளுக்கு அப்பால் ஆர்க்டிக் கடல். சுமாத்திரா நிலநடுக்கத்தின் மையம் 3.3, 96 என்ற அளவில் இருப்பதால், அதை மாற்றி எழுதினால் அகலக்கோடு 96 ஆகிவிடும். அப்படி ஓர் அகலக்கோடு இல்லை என்று கணினி உடனே நிறுத்திவிடும். சுமாத்திராவைப் பிடிக்கும் அதே சோதனை மட்டக்களப்பைப் பிடிக்காமல் விடுகிறது என்பதைக் கவனியுங்கள். எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. வரைபடத்தில் புள்ளியிட்டுக் கண்ணால் பார்க்கவேண்டும்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ஆள்கூறு என்பது வெறும் எண் அன்று. எந்தப் பூமி மாதிரியின் மேல் அளந்தது என்பதும் அதில் சேரும். இலங்கையின் பழைய நிலஅளவை வரைபடங்கள் கந்தவளை என்ற இடத்தை அளவையின் ஆதாரமாகக் கொண்டு, எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி மாதிரியை வைத்து வரையப்பட்டவை. இன்றைய ஜி.பி.எஸ். கருவி வேறொரு நீள்கோளத்தைப் பயன்படுத்துகிறது. ஒரே கல்லை இரண்டிலும் குறித்தால் இருநூறு மீற்றருக்கு மேல் விலகி நிற்கும். முழுப் பூமியின் படத்துக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு குளக்கட்டின் அடிப்பாறையையோ நிலத்தடி நீர்ப்படுக்கையையோ அதிர்வலையால் படமெடுப்பவருக்கு, அவர் வரைந்த பாறை அடுத்த ஆளின் வயலுக்குள் போய்விடும்.

உயரத்திலும் நமது நாட்டுக்கென்று ஒரு விசேடம் இருக்கிறது. புவியீர்ப்பு மட்டம், அதாவது புவியீர்ப்பு தீர்மானிக்கும் கடல்மட்டம், உலகிலேயே மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கேயுள்ள கடற்பரப்பு. அதனால் நமது கரையில் உண்மையான கடல்மட்டமே, ஜி.பி.எஸ். கருதும் நீள்கோளத்துக்கு 90 மீற்றருக்கும் மேல் கீழே இருக்கிறது. திருத்தாத உயரத்தைக் காட்டும் கருவியைப் பாசிக்குடாக் கடற்கரையில் வைத்தால், அது மறை எண்ணைக் காட்டும். கருவி பழுதாகவில்லை, அது வேறொரு பூச்சியத்திலிருந்து அளக்கிறது. அந்த 90 மீற்றரைப் பாறையில் ஓர் அலை கடக்க 0.015 செக்கன் போதும். ஆழப் படத்துக்கு அது சிறிது. தரைக்கு அருகிலுள்ள பாறையை ஆய்பவருக்குப் பெரிது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது அகலக்கோட்டின் இரட்டை வேடம். பூமி முழு உருண்டை இல்லை. நடுக்கோட்டில் ஆரை 6,378 கிலோமீற்றர், துருவத்தில் 6,357. வரைபடத்தில் நாம் படிக்கும் அகலக்கோடு, தரைக்குச் செங்குத்தான கோட்டை வைத்து அளந்தது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் வேறு எண் வரும். 45 பாகையில் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிக அதிகம். 21 கிலோமீற்றருக்குச் சமம். மட்டக்களப்பில் அது 0.05 பாகை, அதாவது 5.7 கிலோமீற்றர். பூமியை உருண்டையாக எடுத்துக்கொண்டு தூரம் கணக்கிடும் நிரலுக்கு மையத்திலிருந்து அளந்த எண்ணைத்தான் கொடுக்கவேண்டும். மறந்துபோய் வரைபட எண்ணையே கொடுத்தால், வட-தென் திசையில் தொலைவிலிருந்து வரும் அலையின் நேரத்தில் மூன்றில் ஒரு செக்கனோ அதற்கு மேலோ பிழை புகலாம். முன்னே சொன்ன நூற்றுக்கு ஒன்று வேறுபாட்டைத் தேடும் ஒருவருக்கு இது சிறிய தொகை இல்லை. இந்தப் பிழை வடக்கு-தெற்கில் ஒழுங்காக வரும், கிழக்கு-மேற்கில் வராது. ஒழுங்காக வருவது எதுவும் இயற்கையின் வேலைபோலவே தோன்றும்.

நேரமும் ஓர் ஆள்கூறுதான் என்பதால் ஒரு வரி. 2004இல் இலங்கை நேரம் உலக நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னே இருந்தது. ஐந்தரை மணித்தியாலத்துக்கு மீண்டும் மாறியது 2006 ஏப்ரலில்தான். பழைய குறிப்புகளை இன்றைய கணக்கில் மாற்றுபவர்கள் அரை மணித்தியாலம் தவறுவார்கள். அதனால்தான் நிலையங்கள் உள்ளூர் நேரத்தைத் தொடுவதே இல்லை. உலக நேரத்தில் மட்டும் பதிகின்றன.

பார்வை எந்தப் பக்கம்?

இலங்கையில் நில அதிர்வு நிலையங்கள் பல்லேகலை, மகாகனதராவ, ஹக்மன ஆகிய இடங்களிலும் அம்பாறை மாவட்டத்தின் புத்தங்கலவிலும் இருக்கின்றன. இனிச் சொல்லப்போவது இவற்றில் எதையும் பற்றியதன்று. உங்கள் ஊரில் நீங்களே புதிதாக ஒரு நிலையம் அமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

குழி தோண்டிக் கொங்கிறீற்று இட்டு, அதன்மேல் கருவியை வைக்கிறீர்கள். கருவியின் உடம்பில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அதை உண்மையான வடக்குக்குத் திருப்பவேண்டும். காந்த ஊசியைக் கையில் எடுத்தால் முதல் சிக்கல் தொடங்குகிறது. நமது பகுதியில் ஊசி உண்மையான வடக்கிலிருந்து ஏறத்தாழ இரண்டு பாகை மேற்கே விலகி நிற்கிறது. அது பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, பக்கத்தில் நிறுத்திய வாகனம், பல கருவிகளின் உள்ளேயே இருக்கும் காந்தம் ஆகியவை ஊசியை இன்னும் எவ்வளவு இழுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பத்து, இருபது பாகை பிழைத்த நிலையங்கள் உலகில் புதுமையல்ல. அதனால் வசதியுள்ள குழுக்கள் காந்தத்தை நம்பாமல், பூமி சுழல்வதை உணர்ந்து வடக்கைக் காட்டும் சுழற்காட்டியைப் பயன்படுத்துகின்றன.

இரண்டு பாகை பிழைத்தால் ஒரு கூறின் அசைவில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு அடுத்த கூறுக்குள் கசியும். இருபது பாகை பிழைத்தால் மூன்றில் ஒரு பங்கு கசியும். இந்தக் கசிவு ஏன் முக்கியம் என்று புரிய, ஆழப் படமெடுக்கும் ஒரு முறையைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்கவேண்டும்.

தொலைவிலிருந்து வரும் பி அலை, புவியோட்டின் அடித்தளத்தை மோதும்போது அதில் ஒரு பகுதி எஸ் என்ற வேறு வகை அலையாக மாறுகிறது. எஸ் மெதுவானது. ஆகவே 35 கிலோமீற்றர் தடித்த புவியோட்டில் அது பி அலைக்கு ஏறத்தாழ நான்கு செக்கன் பிந்தி வருகிறது. அந்த இடைவெளியை அளந்தால் புவியோட்டின் தடிப்புத் தெரிந்துவிடும். கீழே உள்ள எல்லை சமதளமாக இருந்தால், அசைவு முழுவதும் அலை வந்த திசையைக் கொண்ட நிலைக்குத்துத் தளத்துக்குள்ளேயே நிற்கும். பக்கவாட்டில் ஒன்றுமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் அசைவு தெரிந்தால், எல்லை சாய்ந்திருக்கிறது என்றோ பாறையின் கனிமங்கள் ஒரு பக்கமாக வரிசைகட்டி நிற்கின்றன என்றோ சொல்வார்கள். கருவி திரும்பியிருந்தாலும் பக்கவாட்டில் அசைவு தெரியும். மூன்றுக்கும் முகம் ஏறத்தாழ ஒன்றுதான்.

அவற்றைப் பிரித்தறிய வழி இருக்கிறது. சாய்ந்த எல்லையால் வரும் பக்க அசைவு, அலை ஒரு பக்கமிருந்து வரும்போது நேராகவும் எதிர்ப்பக்கமிருந்து வரும்போது தலைகீழாகவும் மாறும். கருவியின் பிழையால் வருவது எந்தப் பக்கமிருந்து அலை வந்தாலும் மாறாது. ஆகவே எல்லாத் திசைகளிலிருந்தும் நிலநடுக்கங்கள் வேண்டும். நமக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை. இலங்கைக்கு வரும் நல்ல அலைகளில் மிகப் பெரும்பாலானவை சுமாத்திரா, இந்தோனேசியத் தீவுகள், பிலிப்பைன்ஸ், ஜப்பான் என்று கிழக்குப் பக்கத்து வில் ஒன்றிலிருந்தே வருகின்றன. மேற்கிலிருந்து வருவது குறைவு. ஒரே பக்கத்துச் சாட்சிகளை மட்டும் கேட்டு, கருவி திரும்பியிருக்கிறதா, பாறை சாய்ந்திருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது கடினம்.

இது வெறும் கணக்கு விளையாட்டு அன்று. மட்டக்களப்பும் அம்பாறையும் நிற்பது விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய பாறைகளின் மேல். மத்திய மலைநாட்டின் பாறைகள் வேறொரு தொகுதி. அவை பழங்காலத்தில் விஜயன் பாறைகளின் மேல் ஏறி அமர்ந்தன. இரண்டுக்கும் இடையிலான எல்லை மேற்கு நோக்கிச் சாய்ந்து மலைநாட்டின் கீழே இறங்குகிறது. கதிர்காமத்தில் மலைநாட்டுப் பாறையின் ஒரு துண்டு, விஜயன் பாறைகளின் நடுவே தனித்து நிற்பது அந்த ஏற்றத்தின் மிச்சம். இப்போது, ‘அலை எந்தப் பக்கமிருந்து வந்தது’ என்ற எண் கேட்கப்படும் இடத்தில், ஒருவர் ‘அலை எந்தப் பக்கம் போகிறது’ என்ற எண்ணைப் போட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை கிழக்கே சாய்வதாகப் படம் சொல்லும். எது எதன்மேல் ஏறியது என்ற கதையே தலைகீழாகிவிடும். படத்தில் ஒரு கறையும் இருக்காது. அதே பிழையால், நிலையத்துக்குக் கிழக்கே எட்டுக் கிலோமீற்றர் தள்ளி அலை புவியோட்டின் அடித்தளத்தைக் கடந்த புள்ளி, மேற்கே எட்டுக் கிலோமீற்றரில் குறிக்கப்படும்.

வந்த திசையையும் போன திசையையும் பற்றி இன்னொரு பொறி இருக்கிறது. ஒன்றோடு 180 பாகையைக் கூட்டினால் மற்றது வந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். தட்டையான மேசையில் வரும். உருண்டையில் வராது. 2011 மார்ச் 11இல் ஜப்பானின் தோஹொக்குக் கடற்கரைக்கு அப்பால் நடந்த நிலநடுக்கத்தை எடுங்கள். அங்கிருந்து மட்டக்களப்பை நோக்கிப் புறப்படும் அலையின் திசைகோள், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால், ஏறத்தாழ 257 பாகை. அதாவது மேற்கிலிருந்து சற்றே தெற்கு. 180ஐக் கழித்தால் 77. ஆனால் மட்டக்களப்பில் நின்று அந்த அலை வரும் பக்கத்தை அளந்தால் கிடைப்பது 51 பாகை, ஏறத்தாழ வடகிழக்கு. 26 பாகை வித்தியாசம்! காந்த ஊசி செய்யக்கூடிய தீங்கைவிட இது பெரிது. கருவியைத் தொடாமலேயே நடக்கிறது. இரண்டு திசைகளையும் தனித்தனியாகக் கணக்கிடுவதே வழி.

குறிகளின் வழக்கங்களும் ஆளுக்கு ஆள் வேறு. நிலையக் கோப்புகளில் சாய்வுக் கோணம் கீழ்நோக்கினால் நேர் (+) எண்ணாக எழுதப்படுகிறது; ஆகவே மேலே பார்க்கும் கூறின் சாய்வு −90 பாகை. முழுப் பூமிக்குக் கணக்கிடுபவர்கள் வட துருவத்திலிருந்து கோணத்தை அளக்கிறார்கள். அவர்களுக்கு மட்டக்களப்பு 7.7 இல்லை, 82.3, நேர் (+) திசை வடக்கு இல்லை, தெற்கு. ஒருவரின் கோப்பை மற்றவர் அப்படியே எடுத்தாண்டால் வடக்கு தெற்காகிவிடும். பசிபிக்கின் நடுவே நெடுங்கோடு 180இல் இன்னொரு விபத்துக் காத்திருக்கிறது: 179 கிழக்கையும் 179 மேற்கையும் +179, −179 என்று எழுதிச் சராசரி எடுத்தால் பூச்சியம் வரும். பீஜித் தீவருகே இருக்கவேண்டிய புள்ளி கிறீன்விச் கோட்டுக்கு, பூமியின் மறுபக்கத்துக்குப் போய்விடும்.

அலையிடமே கேட்பது

குழியைத் திறக்காமலே, பதிவுகளிலிருந்தே கருவியின் பார்வையைக் கண்டுபிடிக்கலாம். இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்தது இதுதான். ஒரு பெரிய நிலநடுக்கத்தின் ரேலி அலை பூமியின் மேற்பரப்பில் உருண்டு வரும்போது, மண் துகள்கள் நிலைக்குத்தான நீள்வட்டத்தில் சுற்றுகின்றன. மேல்-கீழ் அசைவுக்கும் முன்-பின் அசைவுக்கும் இடையே சரியாகக் கால் சுற்று இடைவெளி. ஆகவே மேல்-கீழ்ப் பதிவைக் கால் சுற்று நகர்த்தி வைத்துக்கொண்டு, கிடைக் கூறுகளைக் கணினியில் ஒவ்வொரு பாகையாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். எந்தக் கோணத்தில் இரண்டும் மிக நன்றாகப் பொருந்துகின்றனவோ, அதுவே அலை வந்த பக்கம் என்று கருவி நினைத்த திசை. கணக்கிட்ட உண்மையான திசையிலிருந்து அது எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவு கருவி திரும்பியிருக்கிறது. மேற்பரப்பு அலைகள் வழியில் சற்று வளைவதால் ஒரு நிலநடுக்கம் போதாது. பலவற்றின் நடுவளவை எடுக்கவேண்டும்.

கடலடிக் கருவிகளுக்கு இந்த முறை உயிர்நாடி. கப்பலிலிருந்து விட்ட கருவி தானாக மூழ்கி அடியில் உட்காரும்போது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. பின்னர் வரும் நிலநடுக்கங்கள்தான் அதன் வடக்கைச் சொல்லிக்கொடுக்கின்றன.

உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பல்லேகலை நிலையத்தின் பதிவுகள் இணையத்தில் எவரும் எடுக்கலாம் என்று திறந்து கிடக்கின்றன. வட சுமாத்திராவின் மேற்குக் கடலில் நடந்த தெளிவான ஒரு நிலநடுக்கத்தைத் தேர்ந்து, முதல் பி அலையின் மூன்று கூறுகளையும் வரையுங்கள். 2004இன் மையத்துக்கு அருகே நடந்ததாக இருந்தால், அலை வரும் திசை ஏறத்தாழ 104 பாகை: கிழக்கு, அதிலிருந்து சற்றுத் தெற்கே. ஆகவே வடக்கு-தெற்கு அசைவு, கிழக்கு-மேற்கு அசைவில் ஏறத்தாழ கால்வாசி இருக்கவேண்டும். விகிதம் மட்டும் பார்த்தால் அலை கிழக்கிலிருந்து வந்ததா மேற்கிலிருந்து வந்ததா என்று தெரியாது. அதற்கு மேல்-கீழ்க் கூறைச் சேர்த்துப் பாருங்கள். நிலம் முதலில் மேலே எழுந்திருந்தால், அலை அதைத் தள்ளியிருக்கிறது. கிடைக் கூறுகள் மேற்கும் சற்று வடக்குமாக அசைந்திருக்கவேண்டும். முதலில் கீழே இறங்கியிருந்தால், கிழக்கும் சற்றுத் தெற்குமாக. இரண்டில் எதுவும் பொருந்தவில்லை என்றால் கருவியைச் சந்தேகிப்பதற்கு முன், உங்கள் நிரலில் அகலக்கோடு முதலில் வந்ததா, நெடுங்கோடு முதலில் வந்ததா என்று பாருங்கள்.